ஓரத்து வெள்ளை

எங்கள் வீட்டில் ஒரு பழைய சிறுபத்திரிகை இருக்கிறது. அதில் பதினோரு பக்கத்துக்கு ஒரு கட்டுரை. என் கொழுந்தனார் வரைந்த படங்களைப் பற்றி ஒரு கவிஞர் எழுதியது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். முதல் தடவை அதைப் படித்து முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதற்கப்புறம் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை.

அந்தக் கட்டுரையால் கொழுந்தனாருக்குப் பெயர் வந்தது. அது வெளிவந்த சமயத்திலேயே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அவர் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நடந்தது விளங்கும்.

எழுதினவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் இப்போது இல்லை. கொழுந்தனாரும் இல்லை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நடந்ததில் என் பங்கும் இருக்கிறது. குன்றத்தூர் முருகன் சன்னிதியில் நின்று வாய்விட்டுப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவன் கேட்டுக்கொண்டான். மனுஷர்களிடம் சொன்னதில்லை.

எண்பதுகளில் நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் இருந்தோம். வீட்டுக்காரர் மின்சார ரயில் ஷெட்டில் ஃபிட்டர். அவருடைய தம்பி ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும், "படம் போடறதுன்னா சினிமா பேனரா?" என்று கேட்டார்கள். அதற்கப்புறம் அவர் எங்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எங்களோடுதான் இருந்தார். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு கொட்டகை இறக்கிக் கொடுத்திருந்தோம். அங்கேதான் வரைவார். வண்ணத்தில் கலக்கும் டர்பன்டைன் வாசனை கீழே சமையலறை வரைக்கும் வரும். முதலில் எனக்குத் தலைவலி வரும், பிறகு பழகிப்போயிற்று.

அவர் வரைந்ததெல்லாம் மலைதான். பல்லாவரம், திரிசூலம் பக்கம் கல்குவாரியில் வெடி வைத்து வெட்டி வெட்டி பாதி காணாமல் போன மலைகள். சனிக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்.

"தம்பி, இவ்வளவு கஷ்டப்பட்டு மலை போடறீங்க. மேல ஒரு கோயில் வெச்சா நான் பூஜை ரூம்ல மாட்டுவேன்ல?" என்று கேட்பேன்.

"கோயில் வெச்சா கல்லு வெட்ட மாட்டாங்க அண்ணி. கல்லு வெட்டலன்னா எனக்கு வேலை இல்ல" என்பார்.

நல்ல சுபாவம். அதிர்ந்து பேசமாட்டார்.

அந்தக் கவிஞர் குரோம்பேட்டையில் இருந்தார். தபால் ஆபீஸில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் விளக்கேற்றிக் கும்பிட்டு முடிக்கும்போது வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். கவிதை என்றால் நாலு வரி, அஞ்சு வரிதான் எழுதுவார். அச்சில் வந்ததைக் கொண்டுவந்து காட்டுவார். என் வீட்டுக்காரருக்கு அவரைச் சீண்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விடியாது.

"இன்னா கவிஞரே, இது முடிஞ்சிட்ச்சா? இல்ல மீதி அடுத்த மாசம் வருமா?"

"முடிஞ்சுது சார்."

"நாலு வரிக்கே மூச்சு வாங்குதா உங்களுக்கு?"

"உங்க ஷெட்ல ரிப்பேர் முடிச்ச வண்டியப் பாத்துட்டு, இன்னும் ரெண்டு பெட்டி சேத்தா நல்லா இருக்கும்னு யாராவது சொல்லுவாங்களா சார்?"

"அது ஓடும்யா. உங்க கவித நின்ன எடத்துலயே நிக்குதே!"

கவிஞர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

அந்தக் காலத்தில் படங்களைப் பற்றித் தமிழில் எழுத வேறு ஆள் கிடையாது. கண்காட்சியை இன்னார் திறந்து வைத்தார், இன்னார் நன்றி சொன்னார் என்று பேப்பரில் வரும். படத்தில் என்ன இருந்தது என்று வராது. இந்தப் புதுக்கவிதை எழுதுகிறவர்கள்தான் கைக்காசு போட்டு அச்சடித்த பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக ஓவியர்களைப் பற்றி எழுதினார்கள். எங்கள் கவிஞர் ஒரு படத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அசையமாட்டார். பிறகு ஸ்டூலைத் தள்ளிப் போடுவார். தரையில் உட்கார்ந்து பார்ப்பார். படத்தைத் தலைகீழாக வைத்தும் பார்ப்பார். ஒரு குயர் நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வார். வரைந்தவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அது அவர்களுக்குள் ஒரு சட்டம் மாதிரி. அவரோடு எப்போதாவது வரும் மற்றக் கவிஞர்களும் அப்படித்தான்.

ஒருநாள் டீ கொண்டுபோனபோது நானே கேட்டுவிட்டேன். "ஏன் சார், பக்கத்துலதான உக்காந்திருக்காரு? இது என்ன, ஏன் இப்படின்னு கேட்டா சொல்லப் போறாரு."

"கேக்கக் கூடாதுக்கா. கேட்டுட்டா அப்புறம் அவர் சொன்னதத்தான் நான் படத்துல தேடுவேன். படம் சொல்றது எனக்குக் கேக்காது."

கொழுந்தனாரும், "வாயால சொல்ல முடிஞ்சா நான் ஏன் அண்ணி வரையணும்?" என்றார். அவருக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. தன்னை ஒருவர் அவ்வளவு மதிக்கிறார் என்று.

வீட்டில் நடந்தது வேறு. அந்த வருஷம்தான் என்று நினைக்கிறேன், நான் தட்டில் வைக்கும் துவையலை அவர் தொடாமலே எழுந்து போக ஆரம்பித்தார். இடது பக்கம் ஓரத்தில் வைத்தது வைத்தபடியே இருக்கும். மூன்று நாள் பார்த்துவிட்டு, "துவையல் புடிக்கலன்னா சொல்லிடுங்க தம்பி, வீணாப் போகுது" என்றேன்.

"வெச்சிருந்தீங்களா அண்ணி?" என்றார்.

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். உள்ளே போய் அழுதேன்.

வாசலில் நான் போட்ட கோலத்தை மிதித்துக்கொண்டு போவார். முன்பெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போகிற மனுஷர். தண்ணீர் டம்ளரைத் தட்டி விடுவார். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். ஒருநாள் மாடிப்படியில் இடறி விழுந்தார். என் வீட்டுக்காரர் அவரைத் தூக்கி நிறுத்தி வாயை முகர்ந்து பார்த்தார்.

"கவிஞரோட சேந்துகினு தண்ணி போடக் கத்துக்கினியா?"

"அண்ணா! அம்மா மேல சத்தியமா இல்லண்ணா."

"அப்புறம் இன்னாடா, நேராப் பாத்து நடந்துகினே இடிக்கிற? கண்ணு பொடனியிலயா கீது?"

அன்றைக்குக் கொழுந்தனார் வாயில் பல்பொடி வாசனையைத் தவிர எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் சாகிறவரைக்கும் அதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெரிய படத்தை வரைந்தார். ஆள் உயரம் இருக்கும். வெட்டின மலை. நடுவில் பாறையின் சிவப்பு, உளி போன தடம், லாரி இறங்கின வழி எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போல அவ்வளவு துல்லியம். ஆனால் இடது பக்கமும் அடியிலும் வெறும் வெள்ளைத் துணி. வலது பக்கத்திலும் ஒரு பட்டை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பீரோவை நகர்த்தாமல் அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போவார்களே, கோணல்மாணலாக, அந்த மாதிரி விட்டிருந்தது. இன்னும் வேலை பாக்கி இருக்கிறது போல என்றுதான் நினைத்தேன். ஆனால் பிரஷ்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். கையெழுத்தும் போட்டுவிட்டார். கையெழுத்து மூலையில் இல்லை. மலை முடிந்து வெள்ளை ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது.

கவிஞர் அந்தப் படத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். டீ ஆறிப்போய்த் திரும்பி வரும். மூன்றாவது வாரம் கீழே இறங்கி வந்தவர் என் வீட்டுக்காரர் சீண்டினதற்குக்கூடச் சிரிக்கவில்லை. "மாஸ்டர் எங்கயோ போயிட்டாரு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

இரண்டு மாசம் கழித்துப் பத்திரிகை வந்தது. அந்தப் பதினோரு பக்கம். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். மற்றவர்கள் பயத்தில் துணி முழுக்க வண்ணத்தைப் பூசிவிடுகிறார்கள், இவருக்கு அந்தப் பயம் இல்லை என்று எழுதியிருந்தார். வெட்டி எடுத்த மலை எங்கேயோ ரோடாகவும் வீடாகவும் போய்விட்டது, அது போன இடம்தான் அந்த வெள்ளை என்று எழுதியிருந்தார். கண் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த ஓவியன் என்று எழுதியிருந்தார். கடைசியில் அந்த வெள்ளையை வெட்டவெளி என்று சொல்லி முடித்திருந்தார். படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது. பொய்யில்லை.

கொழுந்தனார் கூடத்தில் உட்கார்ந்து படித்தார். பாதியில் நிறுத்தினார். பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணி, அந்தப் பெரிய படத்துல ஓரமெல்லாம் வெள்ளையா விட்டிருக்கா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். "என்ன தம்பி, போட்டவரு நீங்க, என்னக் கேக்கறீங்க?"

அவர் எழுந்து மாடிக்குப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. சாப்பிடக் கூப்பிட நான் போனபோது படத்துக்குப் பக்கவாட்டில் நின்று, காக்கை பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம் அண்ணி, வெள்ளைதான்" என்றார். "வேணும்னுதான் விட்டேன்."

அவர் முகம் வெளிறியிருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நான் ஒன்று சொன்னேன். அதுதான் என்னை இத்தனை வருஷமாக அறுக்கிறது. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது, அந்த ஒன்றும் இல்லாத இடத்தைத்தானே சாமி என்று கும்பிடுகிறோம்? எனக்கு அந்த வெட்டவெளி என்கிற வார்த்தையைப் படித்ததும் அதுதான் தோன்றியது. "தம்பி, நீங்க கோயில் போட மாட்டேன்னீங்க. சாமிக்கு எடம் விட்டு வெச்சிருக்கீங்க. அவனே உங்க கையப் புடிச்சு நிறுத்தியிருக்கான்" என்றேன். பக்தியோடு, மனசாரச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

அந்த வாரம் குன்றத்தூரில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். கண்ணுக்காக இல்லை. புகழுக்காக.

அடுத்த மூன்று நான்கு வருஷம் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பட்டணத்தில் கண்காட்சி வைத்தார்கள். புதிதாக நாலு படம் வரைந்தார். ஒவ்வொன்றிலும் வெள்ளை அதிகமாயிற்று. வேறு கவிஞர்களும் எழுதினார்கள். ஒருவர் அந்த வெள்ளை மௌனம் என்றார். இன்னொருவர் அது நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் அரசியல் என்றார். இரண்டு பேரும் பத்திரிகையின் கடிதப் பக்கத்தில் ஆறு மாசம் சண்டை போட்டார்கள். ஓவியக் கல்லூரிப் பையன்கள் சிலர் தங்கள் படங்களிலும் ஓரத்தை வெள்ளையாக விட ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டோம். எல்லோரும் அந்த வெள்ளையைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருத்தரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் சட்டமாயிற்றே.

வீட்டிலும் நாங்கள் கேட்பதை நிறுத்திவிட்டோம். துவையலை நான் தட்டின் நடுவில் வைக்கப் பழகிவிட்டேன். இடித்துக்கொண்டால், "கலைஞன், ஏதோ யோசனையில இருக்கான்" என்று என் வீட்டுக்காரரே சொல்ல ஆரம்பித்தார். சிறுபத்திரிகையைப் படிக்காத மனுஷர் அவர். அவரையும் அந்தக் கட்டுரை மாற்றிவிட்டது.

தொண்ணூறோ தொண்ணூற்றொன்றோ, ஒரு நாள் சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கத்திலிருந்து வந்த சைக்கிள் அவரை இடித்துத் தள்ளியது. மணிக்கட்டு முறிந்தது. சைக்கிள்காரர் அழாத குறையாகச் சொன்னார்: "நான் பெல் அடிச்சுகினேதான் வந்தேன் சார். இவரு என்னப் பாத்த மாதிரியே இல்ல." கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, கொழுந்தனாரை நேராகப் பார்க்கச் சொல்லிப் பக்கவாட்டில் விரலை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்ததற்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போது தட்டச் சொன்னார்கள். ரொம்ப நேரம் தட்டாமலே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினார். வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு போட்டிருந்தது. ஒரு கண்ணுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. இன்னொரு கண்ணுக்கு நடுவில் எட்டணா காசு அளவுக்கு ஒரு வட்டம்.

"இதுதான் மிச்சம்" என்றார் டாக்டர். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சு. இது வலிக்காது. அதனாலயே ஆளுங்களுக்குத் தெரியாது. போனது திரும்ப வராது. இருக்கறதக் காப்பாத்தத்தான் மருந்து. நாலஞ்சு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா..." என்று நிறுத்திவிட்டு, "என்ன வேலை பாக்கறார்?" என்று கேட்டார்.

"டிராயிங் மாஸ்டர். படம் வரைவாரு" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வரையறவரா? அப்போ ஓரமெல்லாம் விட்டுப் போயிருக்குமே. யாருமே பாக்கலயா?"

என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "பாத்தாங்க சார். எல்லாரும் பாத்தாங்க."

திரும்பி வரும் ரயிலில் மீனம்பாக்கம் தாண்டியதும் ஜன்னலில் மலை தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் கொழுந்தனார் சொன்னார். "அந்தக் கட்டுரை வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும் அண்ணி. நான் முழுசா போட்டுட்டேன்னுதான் நெனச்சேன். மேல போயி தலையத் திருப்பிப் பாத்தா பாதி துணி வெள்ளையா இருக்கு. பயந்துட்டேன். ஆனா அவரு அவ்வளவு அழகா எழுதியிருந்தாரு. நாந்தான் விட்டேன்னு நெனச்சுக்கலாம்னு தோணிச்சு. அப்புறம் நீங்களும் சாமின்னு சொன்னீங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் வாயில் புடவையை வைத்துக்கொண்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை கவிஞர் வந்தார். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சீண்டவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னார். கவிஞர் அந்த வட்டத்தை வெகுநேரம் பார்த்தார். படங்களைப் பார்ப்பாரே, அந்த மாதிரியே பார்த்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கவிஞரே" என்றார் என் வீட்டுக்காரர். "ஏம்பா ஓரத்த விட்டுட்டன்னு ஒரே ஒரு வார்த்த. நான் படிக்காதவன், தண்ணி போட்டிருக்கான்னு நெனச்சேன். நீங்க படிச்சவங்க."

கவிஞர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "சார், நான் தப்புன்னு எழுதிடறேன். அடுத்த இதழ்லயே எழுதறேன். பதினோரு பக்கமும் தப்புன்னு" என்றார்.

"நீங்க எதுவும் எழுத வேணாம் சார்" என்றார் கொழுந்தனார். "நான் முடிச்சிடறேன்."

எங்களுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "அஞ்சு படமும் பாதியில நிக்குது. அந்த எட்டணா அளவு போறதுக்குள்ள நான் ஓரத்தப் போட்டு முடிச்சிடறேன். அண்ணி எங்க வெள்ளை இருக்குன்னு சொல்லட்டும்."

கவிஞர் எழுந்தே விட்டார். "வேணாம் மாஸ்டர்! கட்டுரை போகட்டும், என் பேரும் போகட்டும். படத்தத் தொடாதீங்க. அது முடிஞ்ச படம்."

"யாரு முடிச்சது சார்?"

"எப்படி வந்துச்சுங்கறது வேற. வந்தது வந்திருக்கு. அது முன்னால உக்காந்து நான் பாத்தது பொய்யில்ல."

"நீங்க பாத்தது நான் பாக்காதத சார்" என்றார் கொழுந்தனார். அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். "அந்த மலைக்கு இடது பக்கம் ஒரு பனமரம் இருக்கு. கீழ ரெண்டு பொம்பளைங்க கல்லு ஒடைக்கறாங்க. நான் அங்க உக்காந்து அவங்களப் பாத்திருக்கேன். அவங்க படத்துல இருக்காங்கன்னு நெனச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்க அவங்க இல்லாதத வெட்டவெளின்றீங்க."

கவிஞர் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு சொல்லாமல் எழுந்து போனார். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டே போனார் போல.

கை எலும்பு கூடியதும் ஆரம்பித்தோம். காலையில் பூஜை முடித்துவிட்டு நான் மாடிக்குப் போவேன். அவர் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நிற்பார். "இன்னும் இடது பக்கம், கீழ, அங்கதான்" என்று நான் சொல்வேன். சில சமயம் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய் வைப்பேன். முகத்தைத் துணிக்கு ஒட்டக் கொண்டுபோய், ஒரு கையகலம், ஒரு கையகலமாகப் போடுவார். "வெள்ளை இருக்கா அண்ணி?" "இருக்கு தம்பி." "இப்போ?" "கொஞ்சம் இருக்கு." ஒன்றரை வருஷத்தில் நாலு படம் முடிந்தது. சிறிய படங்கள். கல் உடைக்கும் பெண்கள், முள்செடி, தூரத்தில் ரயில் லைன் எல்லாம் வந்தன.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். முடித்த படங்கள் நன்றாக இல்லை. ஓரத்தில் போட்டது ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. அதற்காக மட்டும் இல்லை. முன்பு அந்தப் படங்களைப் பார்த்தால் கொண்டுபோன டீயை வைக்க மறந்து அங்கேயே நின்றுவிடுவேன். இப்போது காலண்டரில் மலையைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. கவிஞர் ஆளைப் பார்க்கத் தவறினார். படத்தைப் பார்த்ததில் அவர் தவறவில்லை. எனக்கு அது தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. "எப்படி இருக்கு அண்ணி?" என்று அவர் கேட்கும்போது, "நல்லா முழுசா இருக்கு தம்பி" என்பேன்.

கவிஞர் ஒரே ஒரு தடவை வந்தார். கொழுந்தனார் வேலையை விட்டு விலகுவதாகப் பள்ளிக்கூடத்தில் கடிதம் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தார். கவிஞர் கொட்டகை வாசலிலேயே நின்று முடித்த படங்களைப் பார்த்தார். உட்காரவில்லை. "அந்தப் பெருசு?" என்று கேட்டார். அதை இன்னும் தொடவில்லை, கடைசியாகச் செய்யலாம் என்று சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் அவர் எந்த ஓவியரைப் பற்றியும் ஒரு வரி எழுதவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

மருந்து விட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனாலும் ஒரு தை மாசம் காலையில் கூடத்துக்கு வந்து, "அண்ணி, இன்னிக்கு விளக்கேத்தலயா?" என்று கேட்டார். விளக்கு அவருக்கு எதிரிலேயே எரிந்துகொண்டிருந்தது. நான், "இதோ ஏத்திட்டேன் தம்பி" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

பத்து நாள் கழித்து என்னை மாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பெரிய படத்தைத் திருப்பி வைக்கச் சொன்னார். நடுவில் அந்தச் சிவப்புப் பாறை. சுற்றி வெள்ளை. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அவர் பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "பனமரத்தையும் அந்தப் பொம்பளைங்களையும் போட்டா போதும். கை மறக்கல. எங்க ஆரம்பிக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பிறகு, "எவ்வளவு வெள்ளை இருக்கு?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "இல்ல தம்பி. இதுல வெள்ளையே இல்ல. முந்தியே நீங்க போட்டு முடிச்சிட்டீங்க. பனமரம் இருக்கு. ரெண்டு பொம்பளைங்களும் இருக்காங்க."

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. அவர் இருட்டில் தடவித் தடவித் தோற்றுப்போவதைப் பார்க்க முடியாது என்பதற்காகச் சொன்னேன் என்றுதான் முருகனிடம் முதலில் சொன்னேன். அது பாதிதான். அந்தப் படம் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகவும் சொன்னேன். கண் போன மனுஷருக்குக் கடைசியாக ஒரு ஆசை இருந்தது. நான் படத்தின் பக்கம் நின்றுவிட்டேன்.

அவர் இடது கையை நீட்டி, படத்தின் சட்டத்தைப் பிடித்தார். கட்டை விரலைத் துணியின் மேல் வைத்து மெல்ல உள்பக்கம் நகர்த்தினார். வண்ணம் காய்ந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். வெறும் துணி அப்படி இருக்காது. அது அவருக்குத் தெரியாதா? விரல் ஒரு சாண் தூரம் வெறும் துணியில் போய், பாறையின் விளிம்பில் தட்டி நின்றது. அங்கேயே இருந்தது.

"சரி அண்ணி" என்றார். பிரஷ்ஷை என் பக்கம் நீட்டினார். "கழுவி வெச்சிடுங்க."

வாங்கிக் கழுவினேன். அவர் தானாகவே படியைத் தடவி இறங்கிப் போனார். அதற்கப்புறம் எங்களோடு பதினோரு வருஷம் இருந்தார். மாடிக்கு வரவே இல்லை.